கேலரிக்கு அடியில் பெற்றோர் வகுப்பு

சனிக்கிழமை பிற்பகல்களில் அந்த லிஃப்ட் மெக்கானிக், ஹாக்கி மைதானத்தின் இடப்பக்க மூலையில், கோல் கம்பத்துக்குச் சற்றுப் பின்னால், கம்பி வேலியை ஒட்டி நிற்பார். மற்றப் பெற்றோர்கள் கேலரி நிழலில் அமர்ந்து தொண்டை கட்டும் வரை கத்துவார்கள். அவர் கத்துவதில்லை, கைதட்டுவதும் அரிது. கிரீஸ் கறை போகாத விரல்களை வேலிக் கண்ணிகளில் மாட்டிக்கொண்டு, எங்கேயோ இறங்கிப் போன லிஃப்ட் திரும்பி வரக் காத்திருப்பவரைப் போல நிற்பார். அவ்வளவுதான். இடப்பக்க ஓரத்தில் ஆடும் மகள், பந்து தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தவுடன் ஒரே ஒரு முறை அந்த மூலையைப் பார்ப்பாள். பிறகு ஓடுவாள்.

ஆட்டத்தின் மறுபாதி வேனில் நடக்கும். முன் இருக்கை முழுவதும் கருவிப் பெட்டிகளும் இரும்புக் கயிற்றுச் சுருள்களும் அடைத்துக்கொண்டிருப்பதால் மகள் பின்னால்தான் உட்காருவாள். ஒல்லியாக இருந்ததால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"அந்தப் பந்தை ஏன் விட்டே குண்டூசி?"

"நான் எங்கப்பா விட்டேன்? அதுதான் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு."

"கூப்பிட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"நான் கூப்பிட்டா நீயே வரமாட்டே, பந்து வருமா?"

இப்படியாக வீடு வந்து சேரும். மனைவி இறந்த பிறகு அந்தக் குடும்பத்தில் பேச்சு என்று மிஞ்சியிருந்தது பெரும்பாலும் அந்த வேனுக்குள் மிஞ்சியிருந்ததுதான். மாவட்ட அணியின் நீலச் சட்டையைப் போட வேண்டும் என்ற ஆசையை அவள் முதலில் சொன்னதும் அங்கேதான்.

அந்த ஆண்டு அவள் அடுத்த வயதுப் பிரிவுக்கு உயர்த்தப்பட்டாள். அதனால் அவள் தந்தையும் உயர்த்தப்பட்டார். இளையோர் ஹாக்கி மேம்பாட்டுக் கழகம், அந்தப் பிரிவு முதற்கொண்டு பிள்ளைகள் செல்லும் பாதையைப் பெற்றோர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று கருதியது. கருதியதோடு நில்லாமல் பாதை விளக்க இயக்குநர் என்ற பதவியையும் ஏற்படுத்தியிருந்தது. அப்பதவியில் இருந்தவர் வாழ்நாளில் ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை. நடுநிலை தவறாதிருக்க அதுவே தமக்கு உதவுகிறது என்று அவரே பல கூட்டங்களில் கூறியிருக்கிறார்.

வகுப்பு கேலரிக்கு அடியிலிருந்த கூடத்தில் நடந்தது. முன்பு கிழிந்த வலைகளையும் உடைந்த கோல் பலகைகளையும் போட்டு வைத்திருந்த அறை அது, ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே கேலரிப் படிகளின் அடிப்பாகம் ஏணியைக் கவிழ்த்து வைத்தாற்போல் சரிந்து இறங்கியது.

"பெற்றோர்களே," என்று இயக்குநர் தொடங்கினார். "உங்க பிள்ளைங்க ஒரு பாதையில நிக்கிறாங்க. அந்தப் பாதை உங்களுக்குப் புரியுதா? புரியாது. புரியவே கூடாது. ஏன்னா அதை நாங்க வருஷா வருஷம் மாத்திக்கிட்டே இருக்கோம்."

அவர் பின்னால் சுவர் நிறைய ஒரு வரைபடம் தொங்கியது. தொடக்க அணி, வளர் அணி, முன்வளர் அணி, வளர்ந்தோர் காத்திருப்பு அணி, காத்திருப்போர் வளர்ச்சி அணி என்று கட்டங்கள்; கட்டங்களுக்கிடையே அம்புக்குறிகள். ஓர் அம்புக்குறி ஒரு கட்டத்திலிருந்து கிளம்பி, ஊரெல்லாம் சுற்றி, புறப்பட்ட கட்டத்துக்கே வந்து சேர்ந்தது. மெக்கானிக் அதை நெடுநேரம் பார்த்தார். மின்சுற்று வரைபடங்களைப் பார்த்துப் பழகிய கண்; அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்தால் எங்கேயாவது ஒரு விளக்கு எரியும் என்று நம்பும் கண். எரியவில்லை. கையைத் தூக்கினார்.

"சார், இதுல பிள்ளைங்க எங்க இருக்காங்க?"

"அருமையான கேள்வி. இடம் பத்தல. அடுத்த வரைபடத்துல சேர்க்கலாம்னு ஒரு யோசனை இருக்கு."

பெற்றோர்களுக்கும் ஒரு பாதை உண்டு என்பது அதன் பின்னர்தான் தெரிவிக்கப்பட்டது. விதை நிலை, தளிர் நிலை, கிளை நிலை, விழுது நிலை, முடிவில் கனி நிலை. கனி நிலை எய்தாத பெற்றோரின் பிள்ளை மாவட்டத் தேர்வுக்குக் கருதப்படாது. வகுப்புகள் சனிக்கிழமை பிற்பகலில், ஆட்ட நேரத்தில் நடைபெறும். எல்லாப் பெற்றோரும் மைதானத்துக்கு வருகிற நேரம் அதுதானே என்று இயக்குநர் தம் முன்யோசனையைச் சுட்டிக்காட்டினார். மூன்றாவதாக மௌன விதி. அரைகுறையாகப் புரிந்துகொண்ட பெற்றோர் பிள்ளையிடம் ஹாக்கி பேசுவது பெருங்கேடு. ஆகவே கனி நிலை எய்தும் வரை பேசலாகாது. இவ்விதியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவதும் ஹாக்கி பேசுவதாகவே கொள்ளப்படும்.

மெக்கானிக் நீலச் சட்டையை நினைத்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினார்.

அன்று மாலை மகள் வேனுக்குள் பாய்ந்து ஏறினாள். முழங்கால் வரை புழுதி, முகமெல்லாம் சிவப்பு.

"அப்பா! எங்க போயிட்டே? பாத்தியா இல்லியா?"

"பெல்ட்டைப் போடு."

"நான் கோல் போட்டேன்பா!"

அவர் சாவியைத் திருகினார். "மழை வரும்போல இருக்கு," என்றார்.

மழைக்காலம் முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது. மகள் வெளியே வானத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பின்தலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வீடு வரும் வரை எதையும் கேட்கவில்லை.

வகுப்புகள் தொடர்ந்தன. மேலே கேலரிப் படிகளில் கால்கள் தடதடக்கும், விசில் ஊதும், திடீரென ஓர் ஆரவாரம் கூரையைப் பிளக்கும். கீழே பெற்றோர்கள் கோல் யாருடையது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இயக்குநர் ஆரவாரம் அடங்கும் வரை பொறுமையாக நின்று, "கவனச் சிதறல் பாதையின் முதல் எதிரி," என்பார்.

ஒரு நாள் அவர் கதை சொன்னார்.

"ஓர் ஆலமரத்துல ஓர் அணில் இருந்துச்சு. தன் குட்டிக்கு மரத்தைக் கத்துக்கொடுக்கணும்னா முதல்ல மரத்தை முழுக்கத் தான் தெரிஞ்சுக்கணும்னு அது முடிவு பண்ணிச்சு. ஒவ்வொரு கிளையா அளந்துச்சு. ஒவ்வொரு இலையா எண்ணிச்சு. கடைசியில உச்சிக்கே போயிடுச்சு. அங்கேருந்து பார்த்தா மொத்த மரமும் தெரிஞ்சுது. எல்லாரும் கைதட்டுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார். தட்டி முடித்ததும் கேட்டார்: "குட்டி என்னங்க ஆச்சு?"

"எந்தக் குட்டி?"

"அணில் குட்டிங்க."

இயக்குநர் சற்றே யோசித்தார். "குட்டி இந்தக் கதையில வரலைங்க," என்றார். அன்றைய வகுப்புக் குறிப்பில், மெக்கானிக்குக்குப் பிள்ளைமையச் சிந்தனை என்னும் குறைபாடு இருப்பதாகப் பதிவாயிற்று.

அவருக்கு இடப்பக்கம் பல் டாக்டரம்மா உட்காருவார். அவர் மகன் கோல்கீப்பர். வலப்பக்கம் பேக்கரிக்காரர். எல்லாருக்கும் மூத்தவர், சட்டையில் விழுது நிலைச் சின்னம் தொங்கும்.

"உங்க பையன் எந்த அணியிலங்க ஆடுறான்?" என்று மெக்கானிக் ஒரு நாள் கேட்டார்.

"பையனா?" பேக்கரிக்காரர் சிரித்தார். "அவன் மட்டையைத் தூக்கிப் போட்டு எவ்வளவோ காலமாச்சு. போன வருஷம் கல்யாணமே ஆயிடுச்சு."

"நல்லா நடந்துச்சுங்களா?"

"நல்லா நடந்துச்சுன்னுதான் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு விழுது நிலைத் தேர்வு." சின்னத்தைத் துணியால் துடைத்தார். "கல்யாணம் யாருக்கு வேணும்னாலும் நடக்கும். விழுது எல்லாருக்கும் கிடைக்காதுங்க."

மெக்கானிக்கால் விதை நிலையையே தாண்ட முடியவில்லை. வண்டி மௌனம் என்னும் செய்முறைத் தேர்வு அவரைத் தடுத்தது. கூடத்தின் நடுவே முன்னொரு நாற்காலி, பின்னொரு நாற்காலி போடப்படும். முன்னதில் பெற்றோர் அமர்ந்து இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னதில் பிள்ளையாகக் கழகத்தின் கணக்கர் அமர்வார். குள்ளமானவர், அரைக்கால் சட்டை பொருந்தியது. அவர் அழுவார். அழுகை ஹாக்கியால் விளைந்தது; ஆதலால் திரும்பிப் பார்ப்பது ஹாக்கி பேசுவதற்குச் சமம். பின்புறம் காட்டும் கண்ணாடியையும் மேல்நோக்கித் திருப்பி வைத்துவிட வேண்டும்.

கணக்கர் அழுதார். மெக்கானிக் திரும்பினார், கைக்குட்டையையும் நீட்டினார்.

"திரும்பிட்டீங்களே!"

"அழுதாருங்க."

"அழுவாருதான். அதுக்குத்தானே அவரை உக்கார வச்சிருக்கோம்?"

கணக்கர் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், "இதுவரைக்கும் யாரும் திரும்பினதில்லைங்க," என்றார். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. தேர்வில் மெக்கானிக் தோற்றார். அடுத்த முறையும் தோற்றார்.

"அண்ணா, திரும்பாதீங்க," என்று பல் டாக்டரம்மா அறிவுரை கூறினார். "நான் பல்லைப் பிடுங்கறப்ப முகத்தையா பாக்கறேன்? முகத்தைப் பாத்தா கை நடுங்கிடும். பல்லை மட்டும் பாருங்க."

வீட்டில் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. ஹாக்கியைக் கழித்துவிட்டுப் பேசப் புகுந்த தந்தைக்கு, கழித்த பின் மீதம் ஒன்றுமில்லை என்பது புலப்பட்டது. உப்பு என்பார், அவள் உப்பை நகர்த்துவாள். சாவி என்பாள், அவர் சாவியை எடுத்துக் கொடுப்பார். வேலை நேரத்தில், நிறுத்தி வைத்த லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி, இருட்டுக் குழிக்குள் நின்று அவர் கயிறுகளுக்கு எண்ணெய் பூசுவார். ஒவ்வொரு மாடியிலிருந்தும் யாரோ யாரிடமோ பேசுவது கதவிடுக்கு வழியாக வந்து விழும். குளிச்சியா, சாப்பிட்டியா, ஏன் லேட்டு என்பன போன்ற பேச்சுகள். அவர் கையிலிருந்த எண்ணெய்க் குடுவையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கீழிருந்து யாராவது, "என்னங்க, முடிஞ்சுதா?" என்று சத்தம் போட்ட பிறகே வேலை தொடரும்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை மாலை, வேன் மைதான வாசலைத் தாண்டியதும், பின்னிருக்கையில் மகள் அழுதாள்.

முதலில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். பிறகு சொல்லாமல் அழுதாள்.

தந்தையின் கழுத்து திரும்பத்தான் பார்த்தது. ஆனால் இத்தனை வாரம் சேர்த்த பயிற்சி அதைப் பிடித்து நிறுத்திற்று. அடுத்த வாரமும் தேர்வு. திரும்பினால் விதையிலேயே கிடக்க வேண்டும். விதையில் கிடந்தால் இவளுக்கு நீலச் சட்டை இல்லை. கையை உயர்த்திக் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பினார். அதில் வேனின் கூரை மட்டும் தெரிந்தது. பின்னால் அழுகை வெகுதூரம் அவர்களோடு வந்தது. எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கணக்கர் தம்மால் இயன்ற மட்டும் அழுதார். மெக்கானிக் அசையவில்லை. சொந்த மகளின் அழுகையையே தாங்கிவிட்ட முதுகுக்கு அது வெறும் சத்தமாகவே இருந்தது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். "இதுதான் முதுகு! எல்லாரும் இந்த முதுகைப் பாருங்க!"

அதன்பின் தடையேது? அவர் தளிரானார், கிளையானார். பெற்றோர்களிலிருந்து ஓர் அணி தேர்ந்தெடுக்கப்பட்டபோது அதில் இடம் பெற்றார். அவருக்குச் சீருடை தரப்பட்டது. பெற்றோர் அணி வேலை நாளொன்றில் மைதானத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஆட்டமில்லாத தரையைப் பார்த்து முறையாக ரசிக்கப் பயிற்சி பெற்றது. ஆட்டம் நடந்தால் ரசனை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று இயக்குநர் விளக்கினார். பேக்கரிக்காரர் காலித் தரையைக் கண்டு கண்ணீர் மல்கினார். அவருக்கு முழு மதிப்பெண்.

பல் டாக்டரம்மா மட்டும் வழுக்கி விழுந்தார். கிளை நிலைச் சொற்பொழிவின் நடுவே, மேலே ஒலிபெருக்கியில் கோல்கீப்பரின் பெயர் கேட்டது. கூடவே ஒரு பெருங்கூச்சல். "ஐயோ, என் பிள்ளை தடுத்துட்டான் போலிருக்கு!" என்று அவர் எழுந்து ஓடினார். ஒரு செருப்பு கூடத்திலேயே கிடந்தது. அதை எடுக்கவும் அவர் திரும்பி வரவில்லை. இயக்குநர் அச்செருப்பைக் கையிலெடுத்து, இடைநிற்றலின் கொடுமை பற்றி உரையாற்றினார்.

விழுது நிலையும் கடந்து, இறுதியாக அவருக்குக் கனி நிலை வழங்கும் விழா வந்தது. அதே நாளில், அதே நேரத்தில், மேலே மாவட்டத் தேர்வு ஆட்டம். மகள் வழக்கம்போல் சீருடையும் மட்டையுமாக வேனில் வந்தாள். "நல்லா ஆடு," என்று சொல்ல வாயெடுத்த மெக்கானிக், இன்னும் சற்று நேரம்தானே என்று அடக்கிக்கொண்டார்.

இயக்குநர் அவர் சட்டையில் வெள்ளிக் கனியொன்றைக் குத்தினார்.

"வாழ்த்துகள். இனிமே உங்க மகள்கிட்ட ஹாக்கி பத்தி நீங்க தாராளமாப் பேசலாம்."

"ரொம்ப நன்றிங்க. இப்ப மேல ஆடிக்கிட்டிருக்கா. முடிஞ்சதும் பேசிடறேன்."

"யாரு, உங்க மகளா?" இயக்குநர் புன்னகை மாறாமல் சொன்னார். "அவங்க அணியை விட்டு விலகி ரொம்ப நாளாச்சுங்களே."

மேலே விசில் ஊதிற்று.

"யாருமே எனக்குச் சொல்லலீங்களே."

"எப்படிச் சொல்றது? கனி நிலைக்குக் கீழே இருக்கிற பெற்றோருக்குப் பிள்ளையோட நிலையைத் தெரிவிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. இப்ப நீங்க கனி. அதனால இப்பச் சொல்றோம். பாருங்க, முறைன்னா இதுதான்." பிறகு அவர் தோளில் கைவைத்துக் கனிவோடு கூறினார்: "இதனால உங்க இடத்துக்கு ஒரு பாதிப்பும் வராது. எங்க அனுபவத்துல, ஆடுற பிள்ளை இல்லாத பெற்றோர்தான் பாதையில வேகமாப் போறாங்க. அவங்களுக்குச் சிதறல் இல்ல. அடுத்து நீங்க நன்றியுரை சொல்லணும்."

பேக்கரிக்காரர் முதலில் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலின் நடுவே மெக்கானிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

வெளியே வெயிலில் கண் கூசிற்று. கேலரி நிறையக் கூட்டம். எல்லாருக்கும் மேலே, கடைசிப் படியின் ஓரத்தில், மடியில் மட்டையை வைத்துக்கொண்டு மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"குண்டூசி."

அவள் திடுக்கிட்டாள். "கிளாஸ் முடிஞ்சிடுச்சா? கைதட்டல் இன்னும் கேக்குதே?"

"நீ ஆடலியா?"

அவள் வெள்ளிக் கனியைப் பார்த்தாள். "இப்பத்தான் சொன்னாங்களா?"

"இப்பத்தான் சொன்னாங்க. ஏம்மா விட்டே?"

"பந்து வர்றப்ப அந்தப் பக்கம் பாப்பேன். நீ இருக்கமாட்டே. கோச்சு, அங்க என்ன வேடிக்கைன்னு திட்டுவாரு. பாக்காம ஆடிப் பாத்தேன். எனக்கு வரலப்பா." மட்டையின் பிடியில் பிரிந்திருந்த நாடாவை அவள் சுற்றினாள், மறுபடி பிரித்தாள். "உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு வண்டியில."

மெக்கானிக் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வாரமும் மட்டையோட கிளம்பி வந்தே?"

"நான் ஆடலேன்னு உனக்குத் தெரிஞ்சா நீயும் வர்றதை நிறுத்திடுவேல்ல?" அவள் கீழே கையைக் காட்டினாள். "இங்க உக்காந்தா அடியில நீங்க எல்லாரும் கைதட்டுறது காலுக்குள்ள கேக்கும். அம்மா போனப்புறம் நீ எங்கேயும் போனதில்ல. யாரோடயும் பேசினதில்ல. இப்பத்தான் உனக்கு நாலு பேர் கிடைச்சிருக்காங்கன்னு நினைச்சேன். நான் எதுக்கு அதைக் கெடுக்கணும்?"

அவர் எழுந்தார், அவளும் எழுந்தாள். இருவரும் வேனுக்கு நடந்தார்கள். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் முன் கதவைத் திறந்தார், திறந்தபடியே நின்றார், மூடினார். சுற்றி வந்து பின் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னப்பா, வண்டியை யாரு ஓட்டுறது?"

"வண்டி கிடக்கட்டும்." அவர் இரு கைகளையும் தம் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீ அழுதே. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் திரும்பல. கண்ணாடியைக்கூடத் திருப்பி வச்சுக்கிட்டேன்."

"உனக்கு ஏதோ ரூல்ஸ் இருக்கும்னு நினைச்சேன்."

"ரூல்ஸ் இருந்துச்சு. அதுக்காக? கழுத்து என்னோடதுதானே? தப்பு பண்ணிட்டேன் கண்ணு. பெரிய தப்பு."

அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

இயக்குநர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் ஒலிவாங்கியோடு கணக்கர். இயக்குநர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். "நன்றியுரைங்க! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க! போட்டோ வேற எடுக்கணும்!"

மெக்கானிக் சட்டையிலிருந்த கனியைக் கழற்றி, கண்ணாடியின் மேல் இடுக்கு வழியாக வெளியே கொடுத்தார். பிறகு இடுக்கு மறையும் வரை கண்ணாடியை ஏற்றினார். கணக்கர் இயக்குநரின் கையைப் பிடித்து மெல்ல அப்பால் அழைத்துப் போனார்.

"முதல்லேருந்து சொல்லு," என்றார் மகளிடம். "நான் பாக்காத எல்லா ஆட்டத்தையும் சொல்லு."

"நிறைய இருக்கு."

"இருக்கட்டும்."

"எனக்குக் கோபம் இன்னும் போகல."

"அதுவும் இருக்கட்டும். அதோடயே சொல்லு."

அவள் மட்டையின் நாடாவை இறுக்கிச் சுற்றிவிட்டு ஜன்னலிலிருந்து திரும்பினாள். "முதல் ஆட்டத்துல கோல் போட்டேன். நீ மழை வரும்னே."

"எந்தப் பக்கம் போட்டே?"

"வலப்பக்கம் அடிக்கிற மாதிரி காட்டினேனா? கோல்கீப்பர் அந்தப் பக்கம் சாஞ்சுட்டான். நான் பந்தை..." மட்டையைத் திருப்ப இடமில்லாமல் வேனின் கூரையில் இடித்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, காட்டணும்ல?"

அவர் கதவோடு கதவாக ஒண்டிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.